பத்து வயதுப் பையன் ஆறு மட்டுமே வரைகிறான் என்றால்

வணக்கம். கொடைக்கானலில் மாண்டிசோரி வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் காலை முழுக்க ஆறுகளின் வரைபடம்தான் போடுகிறான், கணக்கைத் தொடுவதில்லை, அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி என்று எழுதியிருந்தீர்கள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான வகுப்பில் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையை மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் செய்ய விடுவார்கள். ஒன்றிலேயே மூழ்குவது அங்கே சகஜம். (மரியா மாண்டிசோரி 1940களில் தங்கி, இந்த வயதுக்கான முறையை வளர்த்ததே உங்கள் ஊரில்தான்.) அதற்காகக் கணக்கை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. அதைக் கவனிக்கத்தான் பிள்ளை தான் செய்ததை எழுதிவைக்கும் வேலைக் குறிப்பேடும், ஆசிரியர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசும் நேரமும். முதலில் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொன்று: அரசுப் பாடத்திட்டத்தையே பிள்ளையின் கையில் கொடுக்கலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எது தெரியும், எது தெரியாது என்று அவனே குறித்து வாரத் திட்டம் போடட்டும்.

ஆறுகளைப் பிடுங்காதீர்கள். உங்கள் மலையிலிருந்தே மஞ்சளாறு வைகைப் பக்கம் போகிறது, பாலாறும் பொருந்தலாறும் பழனிப் பக்கம் இறங்குகின்றன. வரைபடத்தில் நூல் வைத்து அளந்து கிலோமீட்டராக மாற்றச் சொன்னால் பெருக்கல், தசமம், விகிதம் எல்லாம் வந்துவிடும். நீள் வகுத்தல் மட்டும் இதில் வராது. அதற்கு மணிகளும் கண்ணாடிக் குழாய்களும் உள்ள கருவி வகுப்பிலேயே இருக்கும், மறுபடி செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் நோட்டில் கணக்கே இல்லையென்றால் ஆசிரியரை நேரில் பாருங்கள். டியூஷனை அப்புறம் யோசிக்கலாம்.