தாத்தாவின் கட்டிலும் மையக்கருத்தும்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ‘மையக்கருத்தை எழுதுக’ என்றால் எப்போதும் பாதி மதிப்பெண்தான் வாங்குகிறாள். இரண்டு கைடு வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியும் பயனில்லை. மாமனார் வேறு, சாயங்காலமானால் பழைய பாட்டுகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். இவளும் போய் உட்கார்ந்துவிடுவாள். படிப்பு கெடுகிறதே என்று அவர் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டோம். வேறு என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் அந்தக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவாருங்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

‘இவளும் போய் உட்கார்ந்துவிடுவாள்’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மகள் தமிழ் படித்த இடமே அதுதான். காசு கொடுத்துக் கைடு வாங்கினீர்கள். காசில்லாமல் கிடைத்த வாத்தியாரைப் பின்கட்டுக்கு அனுப்பினீர்கள். வயதானவரைக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளுவது எந்தப் பரீட்சைக்காகவும் செய்யக்கூடாத காரியம். உங்கள் கணவரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார் என்றால் அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உரக்கச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். குறுந்தொகை 40, ஐந்தே வரி:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

வாய்விட்டுச் சொல்லும்போதே மூன்று கேள்விகள் காதில் விழும்: யார், எம்முறை, எவ்வழி. என் தாய் உன் தாய், என் தந்தை உன் தந்தை, பிறகு நான் நீ என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நான்காவது வரியில் கேள்வி நின்று, செம்புலத்தில், அதாவது செம்மண் நிலத்தில், மழை வருகிறது. கடைசி வரியில் ‘தாம்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லிப் பாருங்கள். யாரும் கலக்கவில்லை, நெஞ்சங்கள் தாமாகவே கலந்தன. கண்ணால் மட்டும் ஓட்டுகிற பிள்ளைக்கு இந்தத் ‘தாம்’ தப்பிப்போகும்.

அடுத்து, யார் யாரிடம் சொல்வது என்று பார்க்க வேண்டும். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அதைக் குறிப்பால் அறிந்து அவன் சொன்னது என்று துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டோடு வரும் பழைய குறிப்பு, சொல்கிறது. அப்படியானால் இது ஓர் அச்சத்துக்குப் பதில். ‘காதல்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அந்த அச்சம் எங்கே போயிற்று? பாதி மதிப்பெண் போவது இங்கேதான். ஒற்றைச் சொல் பேசுபொருளைத்தான் காட்டும். மையக்கருத்து வினைமுற்றோடு முடிகிற முழு வாக்கியமாக இருக்க வேண்டும்: ‘உறவும் முன்னறிமுகமும் இல்லாத இருவரின் நெஞ்சங்கள், மண்ணும் மழைநீரும் போல இனிப் பிரிக்க முடியாதபடி தாமே கலந்துவிட்டன.’ எழுதிய வாக்கியம் வேறு பத்துப் பாட்டுகளுக்கும் பொருந்துகிறதென்றால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். மழை பெய்தால் கேப்பர் மலைப் பக்கம் கூட்டிப்போய், சிவந்து ஓடும் தண்ணீரையும் காட்டுங்கள்.

இன்னொரு குழப்பம். ‘கருப்பொருள்’ என்று எழுத வேண்டாம். அகப்பொருள் இலக்கணத்தில் அது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் போன்றவற்றைக் குறிக்கும். மையக்கருத்து என்றே எழுதட்டும்.

சிறுகதைக்கும் இதே வழிதான், கூடவே முடிவைத் திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகர’த்தை எடுங்கள். அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க அம்மாளு தன் உடலை விற்று முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். ‘வறுமை’ என்று எழுதினால் போதாது. கடைசியில் கதை சொல்பவர் அம்மாளுவை விட்டுவிட்டு, கற்பு கற்பு என்று பேசுகிறவர்கள் பக்கம் திரும்புகிறார். பசியைப் பார்க்காமல் கற்பைப் பேசுகிறவர்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு அது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இந்தக் கதையா என்று கூச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

தனக்குத் தோன்றியதையெல்லாம் எழுதலாமா என்று அவள் கேட்டால், பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது பாடிய ‘குயில் பாட்டி’ன் முடிவைக் காட்டுங்கள். வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க ‘யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ’ என்று புலவர்களைக் கேட்கிறார். பாட்டில் இடம் இருக்க வேண்டும். எந்த வரியில் இடம் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாத கருத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

விடைத்தாளில் முதல் வரியிலேயே அந்த முழு வாக்கியம் வரட்டும். அடுத்து மூன்று சான்றுகள், பாட்டின் சொற்களோடு. ‘நாமும் இப்படி வாழ்வோம்’ என்ற அறிவுரையை ஒட்ட வேண்டாம்.

கைடு இரண்டும் பரணுக்குப் போகட்டும். தினமும் அரை மணி நேரம் அவள் தாத்தாவுக்கு ஒரு பாட்டு படித்துக் காட்டட்டும். அவர் ஒரு கேள்வி கேட்கட்டும், அவள் வரியைக் காட்டிப் பதில் சொல்லட்டும். ஆனால் அவரைப் போய் அழைக்க வேண்டியவர் நீங்கள். மகளைத் தூது அனுப்பாதீர்கள்.