துருவில் கோலம்: பட்டறை கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா காலத்து மகேந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டிலும் பின்சீட்டுப் பக்கத் தகடுகளிலும் பெயிண்ட் அடிக்காமல், நிஜத் துருவிலேயே சிக்குக்கோலம் வரவேண்டும் என்று ஆசை. துருவைத் தகட்டிலேயே ஏற்றலாமா? எப்படிச் செய்வது?
— வாசகர், திருவையாறு

வண்டியின் சொந்தத் தகட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். மடிப்புகளிலும் ஸ்பாட் வெல்டு வைத்த இடுக்குகளிலும் உப்புத் தண்ணீர் ஒருமுறை இறங்கிவிட்டால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. 0.8 மி.மீ. சி.ஆர். ஷீட்டில் (குளிர்முறையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்புத் தகடு) அதே அளவுக்குத் தனித் தகடு வெட்டி, நான்கு ஓரத்தையும் 6 மி.மீ. உள்ளே மடித்து, வேலையை அதில் செய்து மேலே பொருத்துங்கள். கடையில் ஜி.ஐ. ஷீட்டைக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள். அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு வெள்ளையாகப் பூக்குமே தவிர, சிவக்காது.

சி.ஆர். ஷீட்டின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, தின்னரால் துடைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் ஒரே திசையில் இழுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தகடு முழுக்க ஒரே படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் போகவில்லை. அந்த இடத்தில் துரு பிடிக்காமல் வழுக்கையாகத் தெரியும்.

துரு ஏற்றும் கரைசலுக்கான அளவு இது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். அதில் 250 மி.லி. எடுத்து அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகிவிடும். அத்துடன் வெள்ளை வினிகர் 60 மி.லி., உப்பு ஒன்றரை டீஸ்பூன். முதலில் வெறும் வினிகரை மட்டும் தகட்டில் தெளித்துக் காயவிடுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தபின் கரைசலைப் புகைபோல மெல்லிசாகத் தெளியுங்கள். சொரசொரவென்று நுரைத்து, சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் ஏறும். காய்ந்ததும் மறுபடி தெளியுங்கள். மூன்று நான்கு முறை போதும். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சித்திரை மாத உச்சி வெயிலில் கரைசல் வேலை செய்வதற்குள் உலர்ந்து போய்விடும்.

பலர் இங்கேயே நிறுத்தி, நிறமில்லாத மேல்பூச்சான கிளியரை அடித்துவிடுகிறார்கள். அவசரமாக ஏறிய துரு வெறும் பொடி, விரலால் தொட்டால் கையோடு வந்துவிடும். அது தகட்டோடு இறுக வேண்டுமானால் மறுநாளிலிருந்து கரைசலை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரை மட்டும் காலையும் மாலையும் தெளித்துக் காயவையுங்கள். நான்கைந்து நாளில் ஆரஞ்சு மங்கிச் செம்பழுப்புக்கு வந்துவிடும். ஒட்டாத பொடியை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

அடுத்து கழுவுதல். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைத்து ஊற்றி, மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். கடைசி மூன்று அலசலுக்குப் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். டெல்டாவில் பல ஊர் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்க ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால் ஊற்றுவதற்கு முன் தண்ணீரையும், தகட்டிலிருந்து வடிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை அலசலை விடாதீர்கள்.

கோலத்தைக் கடைசியில் கொண்டுவருவதுதான் சரி. பெயிண்ட் அடித்த தகட்டில் கோட்டை மட்டும் சுரண்டித் துரு ஏற்றினால், அந்தத் துரு ஓரத்திலிருந்து பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். ஒரே வருடத்தில் கோடு தடித்து ஊதிவிடும். அதனால் தகடு முழுவதும் துரு ஏற்றி, கழுவி, வெயிலில் சூடேற உலர்த்தி, அதே சூட்டில் 2கே பி.யு. மேட் கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும், பளபளக்காத பாலியூரிதேன் வகை) அடியுங்கள். முதல் கோட்டு தூறல் போல இருக்கட்டும். கனமாக அடித்தால் துருப் பொடி கிளியரோடு கலந்து வழிந்து, திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். இரண்டு நாள் ஆறவிட்டு, ஸ்டிக்கர் கடையில் பிளாட்டரில் வெட்டிய வினைல் கோலத்தை அதன்மேல் ஒட்டி, கோலத்தின் பின்னணிக்கான நிறத்தை அடித்து, பெயிண்ட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே வினைலை உரித்தெடுங்கள். உரித்த இடத்தில் அடியிலுள்ள துரு கோலமாகத் தெரியும். கோட்டு அகலம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் சிக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் இன்னும் இரண்டு கோட்டு கிளியர். ஹார்டனர் கலக்கும் அளவு டப்பாவிலேயே இருக்கும், அதை மீறக் கூடாது. 2கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டரோடு திறந்த வெளியில் அடியுங்கள், அல்லது பெயிண்ட் அடிக்கத் தனி அறை (ஸ்பிரே பூத்) உள்ள பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

தகட்டின் பின்பக்கத்துக்கு, துரு தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி ப்ரைமர் கட்டாயம். பொருத்துவதற்கு எம்5 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் நைலான் வாஷரும் போதும். அலுமினியம் பாப் ரிவெட் வேண்டாம். உப்பும் ஈரமும் பட்டால் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.

கேள்வி: இதே மாதிரி செய்த கதவுத் தகடு பங்குனியில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் கிளியருக்கு உள்ளே கொப்புளம் கொப்புளமாக வந்து, ஆரஞ்சு நிறத்தில் நீர் கசிகிறது. கிளியர் மட்டமானதா?
— வாசகர், நாகப்பட்டினம்

கிளியரைக் குறை சொல்ல முடியாது. துருவின் நுண்ணிய குழிகளில் உப்பு தங்கிவிட்டது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், எந்த கிளியரும் ஈரத்தைக் கொஞ்சமாவது உள்ளே விடும். உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகத் தூக்குகிறது, அடியில் துருவும் வளர்ந்துகொண்டே போகிறது. மேலே இன்னொரு கோட்டு அடித்தால் சில வாரம் மறைந்திருக்கும், அவ்வளவுதான். பெயிண்ட் ரிமூவர் போட்டு முழுவதும் எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துச் சோடாவில் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, முதலிலிருந்து செய்யுங்கள். மார்கழி கழிந்தபின் ஆரம்பியுங்கள். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு உப்பின் அளவை அரை டீஸ்பூனாகக் குறைப்பதும் நல்லது. நிறம் ஏற இரண்டு நாள் கூடப் பிடிக்கும், ஆனால் கழுவுவது சுலபம்.

கேள்வி: என்னுடையது மார்க் 2 அம்பாசிடர். கதவின் உள்பக்கம் ஹார்டுபோர்டும் ரெக்சினும்தான். அதில் துரு எப்படி வரும்?
— வாசகர், கும்பகோணம்

வராது. ஹார்டுபோர்டைக் கழற்றி, அதையே அளவாக வைத்து மேலே சொன்ன சி.ஆர். ஷீட்டை வெட்டலாம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவுப் பிடி ஆகியவற்றின் துளைகளைத் துரு ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பின்னால் போட்டால் வெட்டு வாயில் வெறும் இரும்பு தெரியும். தகடு அதிராமலிருக்கப் பின்னால் ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள்.

எடை கூட வேண்டாம் என்றால் துருவின் நிறத்தை மட்டும் கொண்டுவரலாம். கோயில் மதிலுக்கு அடிக்கும் காவி, இரும்பு ஆக்சைடுதான். துருவும் அதே குடும்பம். காவிப் பொடி, மஞ்சள் காவி, துளி விளக்குக் கரி மூன்றையும் அக்ரிலிக் பைண்டரில் கெட்டியாகக் குழைத்து, கடற்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். அடியில் கருமை, நடுவில் காவி, மேலே ஆங்காங்கே மஞ்சள் என்ற வரிசையில் வந்தால் நிஜத் துருவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

எதைச் செய்தாலும் பழைய ஹார்டுபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகளை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதிய முடியும். சேசி, பாடி ஷெல், என்ஜின் மூன்றும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கழற்றி மாட்டும் தகடு அவற்றைத் தொடுவதில்லை. ஆனாலும் பழைய பலகை கையில் இருந்தால் வண்டியை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம்.

கேள்வி: துருவோடு சேர்ந்து கறுப்புக் கோடும் வேண்டும். பெயிண்ட் இல்லாமல் வருமா?
— வாசகர், மன்னார்குடி

வரும். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாக மாறும். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏறுவதும் இந்த இரண்டும் சேர்வதால்தான். 50 கிராம் கடுக்காய்த் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். கழுவி முடித்த துருவின் மேல், கிளியருக்கு முன், தூரிகையால் இழுங்கள். தூரிகை போன இடத்தில் முதலில் ஊதா, பிறகு மசிக் கறுப்பு. ஈரத்தில் பழுப்பாகவே தெரிந்தால் துரு போதாது என்று அர்த்தம், மேலே மேலே பூசிப் பயனில்லை. காய்ந்தபின் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள்.

இன்னொரு வழி கோரைப்பாய். பழைய பாயில் ஒரு துண்டை உப்பு கலந்த வினிகரில் நனைத்துத் தகட்டின் மேல் விரித்து, பலகை வைத்து அழுத்தி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்தால், கோரை அழுந்திக் காற்றுப் படாத இடம் கருமையாகவும் பின்னலின் இடைவெளி ஆரஞ்சாகவும் பாயின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். கையால் வரைந்து இதைக் கொண்டுவர முடியாது. வைக்கோலும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கோடுகள் தாறுமாறாக விழும். எதில் பதித்தாலும் சோடாக் கழுவலும் அலசலும் முன்சொன்னபடியே.

கேள்வி: வேட்டியில் கறை படுமா?
— வாசகர், திருவாரூர்

கிளியர் ஏழு நாள் முழுதாக ஆறியபின் படாது. வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தகட்டில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துளி மஞ்சள் ஒட்டினாலும் இன்னொரு கோட்டு அடித்த பிறகே வண்டியில் மாட்ட வேண்டும். கிளியருக்குப் பதில் மெழுகோ தேங்காய் எண்ணெயோ போட்டால் கறை நிச்சயம்.

கேள்வி: வண்டித் தரையில் ஏற்கெனவே அழகாகத் துரு பிடித்திருக்கிறது. அப்படியே கிளியர் அடித்து வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

கூடாது. அது உங்கள் காலையும் சீட்டையும் தாங்கும் இடம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். போகாவிட்டால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மேலும் வளராத படலமாக மாற்றும் திரவம்) போட்டு, எபாக்ஸி ப்ரைமர் அடியுங்கள். பெல்ட் மாட்டும் இடம், சீட் போல்ட் இறங்கும் இடம், கதவுக் கீல் ஆகியவற்றின் பக்கத்திலும் அலங்காரத் துரு வேண்டாம்.

கேள்வி: மீந்த கரைசலை மூடி வைத்திருந்தேன். இரண்டே நாளில் பாட்டில் உப்பிவிட்டது. ஏன்?
— வாசகர், சீர்காழி

பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வெளிவருகிறது. தெளிப்பானின் குழாய் வழியாக இரும்புத் துரு துளி உள்ளே போயிருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். பெராக்சைடும் வினிகரும் சேர்ந்து நிற்கும்போது பெர்அசிட்டிக் அமிலமும் உண்டாகும். அது கண்ணையும் மூச்சையும் எரிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் மூடியை மெல்லத் தளர்த்தி, நிறையத் தண்ணீர் கலந்து கொட்டிவிடுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே கலந்தால் போதும்.