ஸ்பைனோசாரஸ்: நீங்கள் கேட்டவையும் எனக்குத் தெரிந்தவையும்

ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: ஸ்பைனோவும் டி-ரெக்ஸும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் அண்ணா?

ப: இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்பைனோ வாழ்ந்தது சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன், வட ஆப்பிரிக்காவில். டி-ரெக்ஸ் என்கிற டைரனோசாரஸ் வட அமெரிக்காவில் தலைகாட்டியதே ஏறக்குறைய 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சினிமாவில் வேண்டுமானால் மோதிக்கொள்ளலாம்.

கே: முதலில் கிடைத்த எலும்புகள் குண்டுவீச்சில் அழிந்தன என்கிறார்களே, கட்டுக்கதையா சார்?

ப: கதை இல்லை, நிஜம். 1912-ல் எகிப்தின் பஹரியா பாலைவனச் சோலைப் பக்கம் ரிச்சர்ட் மார்க்கிராஃப் தோண்டி எடுத்தார், ஜெர்மன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமருக்காக. 1915-ல் ஸ்ட்ரோமர் அதற்குப் பெயர் வைத்து, படங்களோடு விரிவாக எழுதினார். முதுகெலும்பிலிருந்து எழும் முள் ஒன்றின் உயரம் மட்டும் 1.65 மீட்டர், அதாவது நம்மில் பலருடைய உயரம். எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்துக்குப் போயின. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இவற்றைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஸ்ட்ரோமர் கேட்டிருக்கிறார். அவர் நாஜிகளை வெளிப்படையாக விமர்சித்தவர், அருங்காட்சியக இயக்குநரோ நாஜி ஆள், பிறகு எங்கே கேட்பார்? 1944 ஏப்ரல் 24 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் எல்லாம் போயிற்று. அந்தப் போரிலேயே ஸ்ட்ரோமரின் மூன்று மகன்களில் இருவர் இறந்தார்கள், மூன்றாமவர் சோவியத் சிறையிலிருந்து 1950-ல்தான் திரும்பினார். எனக்கு எலும்புகளை விட இந்த மனிதரின் கதைதான் அதிகம் மனதில் நிற்கிறது.

கே: அப்போது வேறு எதை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள்?

ப: ரொம்ப நாள் ஸ்ட்ரோமரின் வரைபடங்களும் அங்கங்கே கிடைத்த துண்டுகளும்தான். அந்த எலும்புகளின் பழைய புகைப்படங்கள் 2000-ல் மியூனிக் ஆவணங்களுக்குள்ளிருந்து கிடைத்தன. அப்புறம்தான் மொராக்கோ. 2008-ல் எர்ஃபூத் ஊரில் மீசைக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டியில் எலும்புகளைக் கொண்டுவந்து நிஸார் இப்ராஹிம் என்ற ஆய்வாளரிடம் காட்டினார். மறு வருடம் இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் வேறு சில எலும்புகளைப் பார்த்தால், அதே விலங்கினுடையவை போல இருக்கின்றன! தோண்டிய இடம் தெரிய வேண்டுமானால் மீசைக்காரர் வேண்டும், அவர் பெயரோ தெரியாது. 2013-ல் திரும்பப் போய்த் தேடி அலுத்து ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, அதே ஆள் எதிரே நடந்து போனாராம். அவர் காட்டிய இடத்தில் கிடைத்தவற்றைச் சேர்த்து 2014-ல் கட்டுரை வந்தது. அந்த எலும்புகள் இப்போது காசாபிளாங்காவில் இருக்கின்றன.

கே: மீன் மட்டும்தான் தின்றதா?

ப: "மட்டும்" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலை போல நீண்ட தாடை, ரம்பப் பல்வரிசை இல்லாத கூம்புப் பற்கள். மிலானில் உள்ள மூக்குப் பகுதி எலும்பு ஒன்றில் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு மீனின் முதுகெலும்பே சிக்கியிருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

கே: சரி, நீந்துமா நீந்தாதா?

ப: இங்கேதான் ஆய்வாளர்களே இரண்டு கட்சி. 2020-ல் அதே மொராக்கோ இடத்திலிருந்து துடுப்பு மாதிரியான வால் வெளிவந்தது. குட்டைப் பின்னங்கால்கள், கனத்த எலும்புகள், ஆகவே நீருக்குள் மூழ்கி இரை தேடியது என்று 2022-ல் ஒரு குழு எழுதியது. அதே வருடம் பால் செரினோ குழு, ஆழத்தில் இது தடுமாறும், கரையோரம் நின்று பிடித்திருக்கும் என்று மறுத்தது. என் ஓட்டு கொக்கு மாதிரி நின்று பிடித்தது என்பவர்களுக்குத்தான். ஆனால் அந்த வாலைப் பார்க்கும்போது கொஞ்சம் ஆட்டம் காண்கிறேன்.

கே: நம் அரியலூரிலும் ராட்சச ஊன் தின்னி கிடைத்ததாமே?

ப: புருகத்காயோசாரஸைச் சொல்கிறீர்கள். கல்லமேட்டில் கிடைத்தது. 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் பெயர் வைத்தபோது ஊன் தின்னி என்றுதான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றிவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பே சுமார் 2 மீட்டர் என்று பதிவு. அதைப் போய்ப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது, உதிர்ந்தே போய்விட்டது, அதற்குக் குண்டுகூடத் தேவைப்படவில்லை.