வாசகர் கேள்வி: பழைய காருக்குக் கூடுதல் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் படிக்கும் என் மகளுக்காக, டர்பனில் ஒரு விற்பனையாளரிடம் 2018ஆம் ஆண்டு ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; விலை 165,000 ராண்ட். கையெழுத்துப் போடும் வேளையில், 24 மாதத்துக்கான கூடுதல் வாரண்டியை 14,500 ராண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கடனோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். கடன் 72 மாதம், வட்டி 13.5 சதவீதம். எடுக்கலாமா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஐயா, கடனோடு சேர்த்து இந்த வாரண்டியை எடுக்கவே வேண்டாம்.

14,500 ராண்டை 13.5 சதவீத வட்டியில் 72 தவணைகளாகக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 295 ராண்ட் ஆகும். கடைசியில் உங்கள் கையை விட்டுப் போயிருப்பது 21,200 ராண்டுக்கு மேல். வாரண்டி இரண்டாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன் பிறகு நான்கு ஆண்டுகள், காலாவதியாகிப்போன ஒரு தாளுக்காக மாதந்தோறும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்த 24 மாதத்திலும் முதல் ஆறு மாதங்களுக்கு உங்களுக்கு ஏற்கெனவே பாதுகாப்பு உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, தொழிலாகக் கார் விற்பவரிடம் வாங்கிய வண்டி, அது பழையதாகவே இருந்தாலும், கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ளதெனத் தெரிந்தால், பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே இருக்கிறது. பழுது பார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்ப வந்தால், மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ விற்றவர் கடமைப்பட்டவர். விற்பனைத் தாளில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று பொதுவாக ஒரு சொல்லை அச்சடித்துவிட்டு அவர் இந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. ஆனால், கியர்பாக்ஸில் இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாக எழுதி, அதை ஏற்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் குறையைப் பற்றிப் பிறகு வாதாட இடமில்லை. ஆகவே அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து, அவசரமில்லாமல் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பிரேக் பேட் போல ஓட ஓடத் தேய்பவை இந்த உரிமைக்குள் வரமாட்டா. ஏலத்தில் எடுத்த காருக்கும், தன் சொந்த வண்டியை விற்கும் தனி மனிதரிடம் வாங்கிய காருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாரண்டித் தாளிலும் எல்லோரும் தவறான பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ என்று நீளும் பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். ஒவ்வொரு பாகத்துக்கும் அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற அட்டவணை பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றைப் பிரித்துச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு பட்டறையில் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையையும் அட்டவணையில் உள்ள தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் விழும் பள்ளம் முழுவதும் உங்கள் கைப்பணம்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காக, டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலையில் மேடேறிக்கொண்டிருந்தபோது, காருக்குள் வெல்லப்பாகு போன்ற இனிப்பு வாசனை வந்தது. அது ரேடியேட்டர் கூலண்ட் கசியும் வாசனை என்பது வெப்பமுள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாட்டர் பம்ப் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. அந்தப் பாகம் வாரண்டியில் இருந்தும் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சர்வீஸை நான் 1,700 கிலோமீட்டர் தாமதமாகச் செய்திருந்ததே காரணம். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்த அந்த எண்ணை அவர்கள் விரலால் சுட்டிக்காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மகள் கடல் மட்டத்திலிருந்து அதே மேட்டில்தான் அடிக்கடி ஏறப்போகிறாள். ஆகையால் வாரண்டிக்கு முன்னால் காரையே சோதியுங்கள். விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே இருந்த குறைக்கு வாரண்டி பணம் தராது.

திடீரென்று 20,000 ராண்ட் செலவு வந்தால் சமாளிக்க முடியாத நிலையில் நீங்கள் இருந்தால் மட்டும் வாரண்டியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கடனில் சேர்க்காமல், மாதாமாதம் தனியாகக் கட்டி, வேண்டாதபோது நிறுத்தக்கூடிய திட்டமாகக் கேளுங்கள். காப்பீட்டுப் பாலிசியாக விற்பவர் நிதித்துறை நடத்தை ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; அந்த உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மற்றபடி, அந்த 295 ராண்டை மாதந்தோறும் மகள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். காருக்குத் தேவைப்படாவிட்டாலும் அந்தப் பணம் அவளுடையதாகவே இருக்கும்.

கேள்வி: வாரண்டி உள்ள காரை எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். உண்மையா?
— வாசகி, டொங்காட்

பதில்: கார் தயாரிப்பாளர் தந்த வாரண்டி என்றால் பயப்பட வேண்டாம், அம்மா. போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்ததை மட்டும் காரணமாகக் காட்டி அந்த வாரண்டியை முடக்கக் கூடாது என்பது அவற்றின் நோக்கம். மூன்றாம் நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய கூடுதல் வாரண்டி என்றால், அதன் நிபந்தனைத் தாளில் பட்டறையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே போங்கள். எங்கே செய்தாலும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் வகை மூன்றும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு, காரில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள்.