பழைய விளையாட்டுக் கணினிக்கு நீர்க்குளிர்ப்பு வேண்டுமா?

கேள்வி: 1998ஆம் ஆண்டில் வெளிவந்த வூடூ2 வரைகலை அட்டைகள் இரண்டைச் சேர்த்து, விண்டோஸ் 98 கணினி ஒன்றை அமைத்து வருகிறேன். நீர்க்குளிர்ப்புப் பொருத்தினால், பினாங்கின் ஈரக்காற்றில் குழாய்கள் வியர்த்து அட்டைகள் பழுதாகிவிடுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விசிறியும் ரேடியேட்டரும் கொண்ட சாதாரண அமைப்பில் அந்த அச்சம் வேண்டியதில்லை, பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்த பரப்பில்தான் காற்றின் ஈரம் துளியாகப் படியும், இவ்வகை அமைப்பிலுள்ள நீரோ அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்குவதே இல்லை. நம் ஊரில் பனிநிலை பெரும்பாலும் 24 பாகை செல்சியஸை ஒட்டியிருப்பதால், பனிக்கட்டி போட்டு நீரைக் குளிர்விப்பதுதான் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

உண்மையில், இவ்வட்டைகளுக்கு நீர் தேவையே இல்லை. ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றொன்று இரட்டைப்படை வரிகளையும் வரைவதால், தனியட்டையில் 800க்கு 600 புள்ளிகளாக இருந்த முப்பரிமாணக் காட்சி, 12 மெகாபைட் அட்டைகள் இரண்டு சேரும்போது 1024க்கு 768 ஆக உயர்கிறது. (சாதாரணத் திரைக்காட்சிக்கு மூன்றாவதாக ஓர் அட்டை கட்டாயம் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று பெரிய சில்லுகள் நன்றாகவே சூடேறும் என்றாலும், அருகருகே நிற்கும் அட்டைகளின் இடைவெளியில் காற்று புகும்படி பக்கவாட்டில் ஒரு விசிறி வைத்தால் போதும்.

அழகுக்காக நீர் ஓடத்தான் வேண்டுமெனில், அதைக் கணினியின் மையச் செயலியோடு (CPU) நிறுத்திக்கொள்ளுங்கள். செயலியின் மேல் அமர்ந்து வெப்பத்தை நீருக்குக் கடத்தும் செம்புக் குளிர்கட்டையுடன் அலுமினிய ரேடியேட்டரை இணைத்தால் உலோகம் அரிக்கும்; குழாய்த் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். குளிர்ப்போடு தொடர்பில்லாத கடைசிக் குறிப்பு ஒன்று: நினைவகம் 512 மெகாபைட்டைத் தாண்டினால் விண்டோஸ் 98 தடுமாறும்.