கைவினைக் கேள்வி–பதில்: அட்டையின் நிறத்தை எடுக்கும் பிளீச்

கேள்வி: கறுப்பு அட்டையிலும் கரும்பச்சை அட்டையிலும் ரப்பர் ஸ்டாம்பால் பூக்களைப் பதித்து, இதழ்களின் உட்புறத்தைத் திரவ பிளீச்சால் தொட்டு வெளுக்கச் செய்து பார்த்தேன். பச்சை அட்டை வெளிர்மஞ்சளாக மாறியது; கறுப்பு அட்டையோ வெள்ளையாகாமல் செங்கல் நிறத்திலேயே நின்றுவிட்டது. இரண்டிலும் அச்சுக் கோடுகள் கலைந்து, பிளீச்சும் கோட்டைத் தாண்டிப் பரவிவிட்டது. என்ன காரணம்?

பதில்: பெரும்பகுதிக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த அட்டையிலும் மையிலும் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான திரவ பிளீச், சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் உப்பின் நீர்க்கரைசல். அது சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதில்லை. சாய மூலக்கூறில் ஒளியை உறிஞ்சி நிறம் காட்டும் பகுதியை ஆக்சிஜனேற்றத்தால் உடைத்துவிடுகிறது. கறுப்பு அட்டைக்குப் பெரும்பாலும் பல சாயங்களைக் கலந்தே நிறமேற்றுகிறார்கள். அவற்றுள் எளிதில் உடைபவை முதலில் மறைய, தாக்குப்பிடிப்பவை எஞ்சி நிற்கின்றன. நீங்கள் கண்ட செங்கல் நிறம் அப்படி எஞ்சியதுதான். வேறொரு உற்பத்தியாளரின் கறுப்பு அட்டை சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறலாம். சாயத்துக்குப் பதில் நிறமியால், அதாவது நீரில் கரையாத வண்ணத் துகள்களால், நிறமேற்றிய அட்டை அசையாமலே இருந்துவிடலாம். அட்டையைப் பார்த்து இதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஒரு துண்டை வெட்டி, ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, கிடைத்த நிறத்தோடு அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சில காலத்தில் உங்களிடம் ஒரு வண்ண அட்டவணையே சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால், வெள்ளையை எதிர்பார்ப்பதைவிட இந்தச் செம்பழுப்புகளையும் மஞ்சள்களையும் நம்பிப் படத்தைத் திட்டமிடுவதே அழகான பலனைத் தரும்.

இனி மை. நீரில் கரையும் சாய மையால் பதித்த கோட்டின்மேல் பிளீச் பட்டால், அட்டையின் நிறத்தோடு கோடும் போய்விடும், ஏனென்றால் இரண்டும் சாயமே. கரியை நிறமியாகக் கொண்ட கறுப்பு மையைப் பிளீச் வெளுப்பதில்லை. அந்த நிறமி மையால் பதித்து, ஈரம் காயுமுன் நிறமற்ற எம்பாசிங் பவுடரைத் தூவி, சூட்டுக் காற்றால் உருக்கிக்கொண்டால் இரட்டைப் பயன் உண்டு: கோட்டின்மேல் ஒரு காப்புப் படலம் அமைகிறது, சற்றே மேடாக எழும் அந்தக் கோடு திரவத்தை வரப்புபோல் தடுத்தும் நிறுத்துகிறது. கறுப்பு அட்டையில் கறுப்புக் கோடு தொடக்கத்தில் தெரியாதே என்று தயங்க வேண்டாம்; உருகிய பளபளப்பு வழிகாட்டும், உட்புறம் வெளுக்க வெளுக்கக் கோடும் தானே துலங்கும்.

பரவியதற்குக் கைக்கும் ஓரளவு பங்கு உண்டு. பிளீச்சுடன் முதலில் சம அளவு தண்ணீர் கலந்து, நைலான் தூரிகையை நனைத்து, காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த முனையால் இதழின் நடுவில் தொடுங்கள். நிறம் உடனே மாறாது; ஈரம் இருக்கும்வரை வெளுப்பு தொடர்ந்துகொண்டே போகும், அதனால் முதல் பூச்சு முழுவதும் காய்ந்த பிறகுதான் இரண்டாவது வேண்டுமா என்று முடிவுசெய்ய வேண்டும். ஒளி விழும் இடத்தில் இரண்டு மூன்று பூச்சுகள், ஓரத்தில் ஒன்று அல்லது எதுவுமே இல்லை என்று விட்டால் இதழுக்கு வளைவு வந்துவிடும். விலங்கு முடியால் ஆன தூரிகையை இதில் நனைக்காதீர்கள். முடி புரதத்தால் ஆனது, பிளீச் அதைக் கரைத்துவிடும். நல்ல தூரிகை ஒன்றைப் பலிகொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கிண்ணமும் உலோகமாக இருக்க வேண்டாம். கண்ணாடியோ பீங்கானோ போதும். பழைய புட்டி வேலை செய்யாவிட்டால் வியக்க வேண்டாம், வெப்பத்தாலும் ஒளியாலும் கரைசல் நாளடைவில் வீரியம் இழக்கிறது.

கேள்வி: பிளீச் வேலை செய்தது போதும் என்னும்போது, வினிகரைத் தடவி அதை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. வினிகர் ஓர் அமிலம்; பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிவரும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களையும், ஸ்பிரிட்டையும் இதன் அருகில் கொண்டுவரக் கூடாது. தனியாகப் பயன்படுத்தினாலும் கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். நிறுத்துவதற்குச் சுத்தமான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் போதும். இன்னும் உறுதி வேண்டுமானால் புகைப்படக் கலைஞர்கள் ஹைப்போ என்றழைக்கும் சோடியம் தயோசல்பேட்டின் நீர்த்த கரைசல் எஞ்சிய குளோரினைச் செயலிழக்கச் செய்யும். அதன்பின்னும் நீரால் ஒற்றுங்கள். இவ்வளவு செய்தாலும், காகிதத்தின் செல்லுலோஸ் நாரைப் பிளீச் ஓரளவு சிதைத்திருக்கும், அந்த இடம் காலப்போக்கில் மஞ்சளாகவும் மொறுமொறுப்பாகவும் மாறக்கூடும். வாழ்த்து அட்டைக்கு அது பொருட்டல்ல. பழைய குடும்பப் புகைப்படங்களை ஒட்டும் ஆல்பத்துக்கு இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். வெளுத்த இடத்தில் வண்ணம் தீட்ட விரும்பினால், நன்றாகக் காய்ந்தபின் வண்ணப் பென்சிலைப் பயன்படுத்துங்கள். சாய மார்க்கராக இருந்தால் எஞ்சிய பிளீச் அதையும் வெளுத்துவிடலாம்.

கேள்வி: திரவ பிளீச்சுக்குப் பதில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பயன்படுத்தலாமா? பிளீச்சையே மைபோல ஸ்டாம்பில் தொட்டுப் பதிக்க முடியுமா?

பதில்: பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட், கூடவே சுண்ணாம்பும் இருப்பதால் காய்ந்தபின் அட்டையில் வெள்ளைப் பொடி படியும். அதைத் தவிர்த்துவிடுங்கள். நேரடியாகப் பதிப்பது முடியும். பீங்கான் தட்டில் நான்காக மடித்த டிஷ்யூ காகிதத்தை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் பிளீச் ஊற்றி, இங்க் பேடுபோல் ஸ்டாம்பை மெல்ல ஒற்றிப் பதியுங்கள். நுணுக்கமான கோடுகள் கசிந்து மறைந்துவிடும் என்பதால் இலை, நட்சத்திரம் போன்ற பட்டையான உருவங்களே இதற்குப் பொருந்தும். ரப்பர் ஸ்டாம்பையே பயன்படுத்துங்கள், ஒளிபுகும் பாலிமர் ஸ்டாம்புகள் வேண்டாம். பதித்த கையோடு ஸ்டாம்பை ஓடும் நீரில் கழுவிவிடுங்கள்.