ஏற்றத்தில் மட்டும் சூடாகும் கார்: ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன்

டிக்கோயாவிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: பதினைந்து வருடப் பழைய பெற்றோல் கார். ஹட்டன் டவுனுக்குள் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கொழும்பிலிருந்து திரும்பும்போது, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் மட்டும் சூடு காட்டும் முள் மேலே போகிறது. கராஜில் காட்டினால், "காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருது, ஒயில் மூடியில பால் மாதிரி படிஞ்சிருக்கு, ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஒன்றரை இலட்சம் ஆகும்" என்கிறார்களாம். கழற்ற விடலாமா, நம்பிக்கையான மெக்கானிக்கை எங்கே தேடுவது என்பது கேள்வி.

இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி. அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கட். அவர்கள் சொன்ன இரண்டு அடையாளங்களும் நம் ஊரில் அது போனதற்குச் சாட்சி ஆகாது.

பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. கொழும்பு வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ விடியற்காலைக் குளிரில் அதுவே வெள்ளையாகத் தெரியும். என்ஜின் நன்றாகச் சூடேறியதும் மறைந்துவிட்டால் அது வெறும் ஆவி. ஒயில் மூடியின் உள்பக்கப் படிவும் அப்படித்தான். பாடசாலைக்கும் கடைக்கும் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிற காரில், என்ஜின் முழுதாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுவதால், உள்ளே ஈரம் தங்கி ஒயிலோடு கலந்து மூடியில் படியும். மூடியைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். கம்பியில் வருகிற ஒயிலே பால்கோப்பி நிறத்தில் இருந்தால், அல்லது ஊற்றாமலேயே ஒயில் மட்டம் ஏறியிருந்தால், அப்போது பயப்படலாம். இந்த வித்தியாசம் மலையகத்தில் வேலை செய்கிற எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாதவரிடம் காரை விடக்கூடாது.

கேஸ்கட் உண்மையில் போயிருந்தால் வேறு அறிகுறிகள் இருக்கும். எங்கும் ஒழுகாமலேயே ரேடியேட்டர் தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். இரவு முழுக்க ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து, நீல மருந்து மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கும் சின்னக் கருவியும் உண்டு. சில நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றச் சொல்கிறவரிடம் இந்தச் சோதனையை முதலில் கேளுங்கள்.

சரி, ஏற்றத்தில் மட்டும் ஏன் சூடாகிறது? இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது என்ஜினுக்குப் பாரம் அதிகம், ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. சமதரையில் ஒளிந்திருந்த சின்னக் குறை அங்கேதான் வெளியே வரும். நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியை. நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுக்கிறது அல்லவா? உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் ஏறத்தாழ 96, நுவரெலியாவில் 94. என்ஜினின் வழமையான சூடே 90 பாகையை ஒட்டியது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை ஏறத்தாழ 20 பாகை உயரும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கீழ்நாட்டில் ஒருவழியாக ஓடுகிற கார் மேலே வந்ததும் பொங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூடியின் விலையையும் ஒன்றரை இலட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த எண், 0.9 அல்லது 1.1 போல, இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூடி நல்லதென்றால் அப்புறம் ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் அடைப்பு. ஏற்றத்தில் நிறுத்தி பீலித் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓடிய கார்களில் உள்ளே துருவும் சேறும் பிடித்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கூலன்ட் (ரேடியேட்டருக்கான மருந்துத் திரவம்) ஊற்ற வேண்டும்.

என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் சின்ன வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் விஷயத்தில் நான் கோபப்படாமல் எழுத முடியவில்லை. "இது குளிர்நாட்டுச் சாமான், நம்ம நாட்டுக்குத் தேவையில்ல" என்று கராஜில் கழற்றி எறிகிறார்கள். நாம் இருப்பதே குளிர் இடம்தானே! அது இல்லாவிட்டால் இறக்கத்தில் என்ஜின் சூடேறாமல் பெற்றோல் குடிக்கும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் இன்னும் மோசமாகச் சூடாகும். பழுதென்றால் புதியது போடச் சொல்லுங்கள். பழுதா இல்லையா என்று அறிய, கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வாய் திறக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி மெக்கானிக். வழியில் கார் நின்றதும் ஓடி வந்து "எனக்குத் தெரிஞ்ச கராஜ் இருக்கு" என்பவரை நம்பிப் போக வேண்டாம். அவருக்குக் கொமிஷன் இருக்கும், அது உங்கள் பில்லில் ஏறும். இழுத்துப் போகும் வண்டிக்காரர் எந்தக் கராஜில் இறக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 வரை கதவைச் சாத்தி வைத்தார்கள். பழைய காரையே கட்டிக்கொண்டு அழ வேண்டிய நிலையில்தான் இந்தத் தரகர்கள் கொழுத்தார்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை கேட்கிற அரசாங்கம், நம் ஊர்க் கராஜில் யார் கையில் ஸ்பானர் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. கேட்க ஆளில்லாததால்தான் வாய்க்கு வந்த விலை.

மரக்கறி லொறி ஓட்டுகிறவர்களையும், கொழும்புக்கு வாடகை வேன் ஓட்டுகிறவர்களையும் கேளுங்கள். அவர்கள் இந்த ஏற்றங்களில் பாரத்தோடு ஏறுகிறவர்கள். வண்டி நின்றால் அன்றைய வருமானம் போகும், ஆகவே யார் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். "நல்ல மெக்கானிக் யார்" என்று பொதுவாகக் கேட்காமல், "உங்கள் வண்டி சூடானபோது யார் பார்த்தார், அதற்கப்புறம் திரும்பச் சூடானதா" என்று கேளுங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். சின்னக் கராஜ் என்று ஒதுக்க வேண்டாம். காரை விடும் முன்னரே கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும், சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதிய பில் வேண்டும் என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கையில் பில் இல்லாமல் முறையிட்டு எதையும் நிரூபிக்க முடியாது.

இதெல்லாம் முடியும் வரை கொழும்புக்குப் பஸ்ஸிலேயே போய் வாருங்கள். கார் எடுத்தே ஆக வேண்டுமென்றால், முள் நடுவைத் தாண்டியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்ட இடம் தேடுங்கள். சிவப்புக்கு வந்த பிறகு ஒரு வளைவுகூட ஓட்டாதீர்கள். இல்லாத ஹெட் வேலை அங்கேதான் உண்மையாகும். நிறுத்தியதும் மூடியில் கை வைக்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையால் பிடிக்குமளவு ஆறிய பின், தடித்த துணி போட்டு மெதுவாகத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.